சானாவுக்குத் துணைக்கு ஓர் ஆள்

போன செவ்வாய்க்கிழமை என் இதய டாக்டர் எனக்கு ஒரு நல்ல செய்தி சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

ஆட்டோ அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்தார். ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டார் போல. பெருமாள்புரத்தில் என் வீடு வரும்வரை ஹாரனே அடிக்காமல் ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் ஹாரன் அடிக்காத ஆட்டோ என்றால், அது எவ்வளவு பெரிய அனுதாபம் தெரியுமா?

டாக்டர் சொன்னது இதுதான்: "இனிமே சானாவுக்கு நீங்க தனியாவே போகலாம் மேடம். துணைக்கு ஆள் வேண்டாம்."

இதற்குப் போய் யாராவது அழுவார்களா?

நான் அழுதேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும் — போன வருஷம் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெஞ்சு கனத்தது. வாயு என்று நினைத்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்தேன். ஆண்களுக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ், பெண்களுக்கு வலித்தால் வாயு — இது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ஆணே இல்லாத என் வீட்டிலும் அந்தச் சட்டம் அமலில் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

ஆஸ்பத்திரியில் நான் பட்ட கஷ்டம் ஊசியால் இல்லை. ஒரு கேள்வியால்.

"கூட யாரு வந்திருக்கா?"

வரவேற்பில் கேட்டார்கள். ஈசிஜி எடுத்த பெண் கேட்டாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனவர் கேட்டார். எனக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். தனியாக நின்று வீடு கட்டினேன். கொத்தனாரோடு தனியாகச் சண்டை போட்டேன். காசிக்குக்கூடத் தனியாகப் போய்விட்டு வந்தவள் நான். ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே ஓடுகிற ட்யூப் லைட்டுகளைப் பார்த்து, "நான் மட்டும்தான் வந்திருக்கேன்" என்று சொல்வது... அது வேறு.

மறுநாள் காலையில் சென்னையிலிருந்து தம்பி வந்து இறங்கினான். கையெழுத்துப் போட்டான். நான் கண் விழிக்கும்வரை வெளியே நின்றான். அடுத்த நாள் ஊருக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு ஆபீஸ், பிள்ளைகள், அவனுக்கே பிரஷர்.

வீட்டுக்கு வந்தபிறகு சில புதுப் பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. குளிக்கும்போது பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. மொபைலை சோப்பு டப்பா பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அதை முதலில் கண்டுபிடிக்கப்போவது யார் என்று ஒருநாள் யோசித்தேன். பால்காரர். கேட்டில் மாட்டிய பையில் பாக்கெட் அப்படியே கிடந்தால் அவருக்குத்தான் சந்தேகம் வரும். அவரும் லீவு போட்டால்? அதற்குமேல் யோசிக்காமல் டிவியைப் போட்டுவிட்டேன்.

சரி, சானாவுக்கு வருகிறேன்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன். வெயிலும் முழங்காலும் கூட்டுச் சேர்ந்து என்னைத் தோற்கடித்தன. அந்தச் சமயத்தில்தான் வண்ணார்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு புது ஜிம் திறந்தார்கள். உள்ளே சானா உண்டு, பகலில் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.

'திருநெல்வேலியில் சானாவா?' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. தம்பியும் சிரித்தான். சித்திரை மாதம் மொட்டை மாடியில் ஏறி உட்காரு அக்கா, சும்மாவே கிடைக்கும் என்றான்.

அது வேறு, இது வேறு. சானா என்பது ஒரு சின்ன மர அறை. மூலையில் கரண்ட் அடுப்பு, அதன்மேல் கருங்கற்கள். கல் சூடாகி அறை முழுக்க உலர்ந்த சூடு நிற்கும். மரப் படியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பும். சுவரில் ஒரு மணல் கடிகாரம் இருக்கும். மணல் கீழே இறங்கி முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும்.

டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரியும், இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், வேகமாக நடந்தால் இதயம் செய்கிற வேலையை உட்கார்ந்த இடத்திலேயே ஓரளவு செய்யும் என்றார். நடைக்குப் பதில் இது ஆகாது, நடையோடு சேர்த்து வேண்டுமானால் செய்யலாம் என்றார். நெஞ்சு வலி திரும்ப வரவில்லை, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, அதனால்தான் எனக்கு அனுமதி. அட்டாக் வந்து கொஞ்ச நாளே ஆனவர்கள், பிரஷர் இறங்கி இறங்கி மயக்கம் வருகிறவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. போவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும். தலை லேசாகச் சுற்றினாலும் வெளியே வந்துவிட வேண்டும். வந்த உடனே ஐஸ் தண்ணீரில் குதிக்கிற வீரமெல்லாம் வேண்டாம். கடைசியாக ஒன்று சொன்னார் — கொஞ்ச நாளைக்குத் தனியாகப் போகாதீர்கள்.

ஜிம்மிலும் அதே ரூல். இதய நோயாளி என்றால் டாக்டர் அனுமதி வேண்டும், உள்ளே துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"துணைக்கு யாரு வந்திருக்காங்க மேடம்?"

நான் ஹேண்ட்பேக்கின் ஜிப்பைத் திறந்து மூடினேன். திரும்பவும் திறந்தேன்.

பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடலாமா? ஆஸ்பத்திரி என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார். ஆபீஸ் தோழிகள்? ஒருத்தி மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருக்கிறாள். ஒருத்தி மகனோடு கோயம்புத்தூரில். ஒருத்தி இப்போது இல்லை. இருந்தால் மட்டும் என்ன? கஷ்டம் என்றால் துணைக்குக் கூப்பிடலாம். நம் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். 'எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சும்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வியர்த்துவிட்டுப் போ' என்று எப்படிக் கூப்பிடுவது? அதற்கு உரிமை வேண்டாமா?

"இன்னொரு நாள் வாரேம்மா" என்று திரும்பினேன்.

அப்போது சோபாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பேசினார். கறுப்பு புர்கா, மடியில் ஒரு வயர்கூடை. ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"நான் சும்மாதான இருக்கேன். நான் வேணா கூட வாரேன்."

உங்களுக்கு ஹார்ட் பிரச்சினை ஏதும் உண்டா என்று கவுண்டர் பெண் கேட்டாள். தனக்கு மூட்டு வலி மட்டும்தான், அதற்குச் சூடு நல்லது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள் என்றார் அவர். அவ்வளவுதான். எனக்குத் துணை கிடைத்துவிட்டது.

அவர் பெயர் மைமூன். மேலப்பாளையம். மருமகள் பர்வீன் உடம்பு குறைக்க அங்கே பெண்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். சின்னப் பெண்ணைத் தனியாக அனுப்ப வீட்டில் சம்மதமில்லை. அதனால் மாமியார் துணைக்கு வந்து, வகுப்பு முடியும்வரை சோபாவில் உட்கார்ந்திருப்பார். ஏற்கெனவே ஒருத்திக்குத் துணையாக வந்தவர், போகிற போக்கில் எனக்கும் துணையானார்.

வெளிநாட்டில் சானாவுக்குள் எப்படிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும், விவரமாக எழுத மாட்டேன். நாங்கள் எப்படிப் போனோம் தெரியுமா? இரண்டு பேரும் நைட்டியில். மேலே ஒரு துண்டு. நைட்டிக்குச் சம்மதிக்காத இடம் இந்தத் தமிழ்நாட்டில் ஏது?

கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த சூட்டில் மைமூன் ஓரடி பின்னால் வந்தார். "யா அல்லாஹ்... இதுக்கா போயி துட்டு குடுக்கிய?" என்றார். ஆனாலும் உள்ளே வந்தார். கதவுக்குப் பக்கத்தில், கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மணல் இறங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரூலில் 'கூட உட்கார வேண்டும்' என்றுதான் இருந்தது. அவர் காவல் காத்தார்.

வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும். பர்வீன் மேலே குதித்துக்கொண்டிருப்பாள், நாங்கள் கீழே வெந்துகொண்டிருப்போம்.

முதலில் பேச்சு அவ்வளவாக இல்லை. அப்புறம் மெல்ல ஆரம்பித்தது. சூட்டில் நீளமாகப் பேச முடியாது பாருங்கள், அதனால் எல்லாம் சின்னச் சின்ன வாக்கியமாக வரும். பொய் சொல்லவும் மூச்சு இருக்காது. மைமூனின் வீட்டுக்காரர் வாலிபம் முழுவதும் சவூதியில், தம்மாமில் இருந்தவர். இப்போது ஊரோடு வந்துவிட்டார். வந்தவர் நாள் முழுக்க ரிமோட்டும் கையுமாக இருக்கிறாராம். மகன்கள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில். பர்வீனின் புருஷன் மட்டும் துபாயில்.

"அப்போ உங்களுக்குப் பொழுது போகிறதே தெரியாது" என்றேன், கொஞ்சம் பொறாமையோடு.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வீடு நெறைய ஆளுதான்க்கா. உம்மா சோறு எங்க, உம்மா சட்டை எங்கன்னு கேப்பாவ. உம்மா எங்கன்னு யாரும் கேக்க மாட்டாவ" என்றார்.

கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனிமை என்றால் வீட்டில் ஆள் இல்லாமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆள் நிறைந்த வீட்டிலும் அதே சரக்கு கிடைக்கிறது என்பது எனக்குப் புதிது.

இனி வருவது எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு தப்பு.

மைமூனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கவலை. உடம்புச் சூடு. நமக்குத்தான் மாம்பழம் தின்றால் சூடு, முட்டை தின்றால் சூடு, கண் எரிந்தால் சூடு. இவ்வளவு சூட்டில் வேண்டுமென்றே போய் உட்கார்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால் வயர்கூடையில் ஃபிளாஸ்க் வந்தது. அதில் சப்ஜா விதை போட்ட நன்னாரி சர்பத். எனக்காகச் சர்க்கரை குறைத்து. அத்தோடு நின்றிருந்தால் நல்லது.

ஒரு திங்கள்கிழமை, உடை மாற்றுகிற அறையில் வைத்து கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். நல்லெண்ணெய்.

"உச்சியில வைக்காம இம்புட்டு நாளு உக்காந்ததே தப்புக்கா. குனிங்க" என்றார்.

குனிந்தேன். உள்ளங்கை நிறைய எண்ணெயை என் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தார். நெற்றிப் பொட்டில், காதுக்குப் பின்னால், பிடரியில்... பைய, அவசரமே இல்லாமல். என் தலையை இன்னொருவர் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று? ஆஸ்பத்திரியில் தொட்டார்கள். ஆனால் அவர்கள் கையில் உறை இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். மைமூன் நம்பியிருக்க மாட்டார், ஆனால் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவர் எனக்கு 'அவள்' ஆகிவிட்டாள். இனி அப்படியே எழுதுகிறேன்.

அவளும் எண்ணெய் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் போய் ஜம்மென்று மரப் படியில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் உருகி, கழுத்து வழியாக நைட்டிக்கு வந்து, நைட்டி வழியாகப் படிக்கு வந்தது. சூடான மரத்தில் நல்லெண்ணெய் பட்டால் என்ன வாசம் வரும்? நீங்களே சொல்லுங்கள்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த ஒரு கல்லூரிப் பெண், "உள்ள யாரு தோசை சுடுதா?" என்று கேட்டாள்.

மேனேஜர் வந்தார். எங்கள் வயதைப் பார்த்துக் கோபத்தை விழுங்கிக்கொண்டார். சானா இரண்டு நாள் மூடிக் கிடந்தது. மரத்தை இழைத்துச் சுத்தம் பண்ணினார்களாம். அடுத்த முறை போனபோது வாசலில் ஒரு புதுப் பலகை: 'எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது.' உலகத்தில் வேறெந்த சானா வாசலிலும் இப்படி ஒரு பலகை இருக்காது என்று நினைக்கிறேன். மைமூன் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள். சானாவுக்குள் அன்று மணல் முழுதும் இறங்கும்வரை சிரித்தோம். இதயத்துக்கு அது நல்லதா கெட்டதா என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

இப்படியாகத்தான் திங்களும் வியாழனும் எனக்கு வாரத்தின் நடுவே நிற்கிற இரண்டு தூண்கள் ஆயின. மற்ற நாட்கள் அவற்றுக்கு நடுவில் எப்படியோ ஓடின. திங்களன்று சொல்ல வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே சேர்த்து வைப்பேன். குக்கர் மூடி மாட்டிக்கொண்டது, மாடியில் குரங்கு வந்தது... பெரிய விஷயமெல்லாம் இல்லை. ஆனால் சின்ன விஷயத்தைச் சொல்லத்தானே ஆள் வேண்டும்? பெரிய விஷயத்துக்குத்தான் போன் இருக்கிறதே.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

டாக்டர் எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிரஷர் நன்றாக இருக்கிறது, ட்ரெட்மில்லில் நன்றாக நடந்திருக்கிறேன், போன தடவைக்கு இந்தத் தடவை முகமே தெளிவாக இருக்கிறது என்றார்.

சானா வேலை செய்கிறது என்று அர்த்தமா என்று கேட்டேன்.

அவர் நேர்மையானவர். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மாத்திரையாக இருக்கலாம், நடையாக இருக்கலாம், சூடாகவும் இருக்கலாம். சானா பழக்கம் உள்ள ஊர்களில் அதை யாரும் மருந்து மாதிரித் தனியாகப் போய் எடுத்துக்கொள்வதில்லை, வீட்டு ஆட்களோடும் சிநேகிதர்களோடும் உட்காருகிறார்கள், நல்லது செய்தது சூடா, பக்கத்தில் உட்கார்ந்த ஆளா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்தான் மேடம் என்று சிரித்தார். அடுத்த மூச்சிலேயே, இனிமேல் துணைக்கு ஆள் வேண்டாம் என்றும் சொன்னார். ஜிம்மில் காட்டச் சொல்லி எழுதியும் கொடுத்தார்.

நல்ல செய்தி என்றால் இனிப்பு வாங்க வேண்டும். கால் கிலோ வாங்கினால் யார் சாப்பிடுவது? எனக்குச் சர்க்கரை வேறு. வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருந்தான். "சூப்பர்க்கா" என்றான், அப்புறம் பேசுகிறேன் என்றான். நாற்காலியில் உட்கார்ந்து அடுத்து யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அந்த ஒருத்தியிடம் மட்டும் சொல்லவே கூடாது என்றும் தோன்றியது.

சொன்னால் என்ன ஆகும்? மைமூனுக்கு அந்தச் சூடு துளியும் பிடிக்காது, எனக்குத் தெரியும். ரூல் இருக்கிறது, அதனால் வருகிறாள். ரூல் போய்விட்டால்? 'ரொம்ப சந்தோசம்க்கா' என்று கையைப் பிடித்துக்கொள்வாள். சோபாவுக்குத் திரும்பிவிடுவாள். நான் மரப் படியில் தனியாக உட்கார்ந்து மணலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், வீட்டில் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரியே.

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததை மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஒருத்தி கொஞ்ச நாள் எனக்காக வியர்த்தால் என்ன குறைந்துவிடும்? மருமகளுக்காக எப்படியும் வருகிறவள்தானே?

வியாழக்கிழமை கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். மைமூன் இன்னும் வரவில்லை. பேச்சுக்குக் கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன், பர்வீன் இப்போது எடை குறைந்திருக்கிறாளா என்று.

"அவங்க போன மாசமே நிறுத்திட்டாங்களே மேடம். விசா வந்து துபாய்க்குப் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மைமூன் சொல்லவில்லை. பர்வீனின் வகுப்பு முடிவதற்கு முன்பே நான் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன், அதனால் கவனிக்கவும் இல்லை.

போன மாதத்திலிருந்து அவள் யாருக்காக வருகிறாள்? மேலப்பாளையத்தில் பஸ் ஏறி, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, இந்த மூட்டு வலியோடு... எனக்குத் துணை வேண்டுமே என்றுதானே? நானோ, இனித் தேவையே இல்லாத துணையைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். சோபாவில் உட்கார்ந்தேன். அவள் உட்கார்கிற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் வாசலில் வருகிற பஸ் எல்லாம் தெரிகிறது.

ஒரு பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை வைத்து, அப்புறம் மற்றக் காலை வைத்து. கையில் வயர்கூடை. அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவள் வழக்கம்போல் கதவுப் பக்கம், கீழ்ப்படியில். மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள். சொல்வதற்கு முன் ஒரு தடவை அவள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். மூக்குத்தியைச் சுற்றி வியர்வை பூத்திருந்தது. இனி இந்த முகத்தை எப்போது பார்ப்போமோ என்றுதான் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன்.

"மைமூனு... டாக்டர் எல்லாம் பாத்துட்டார். நல்லாருக்குன்னார். இனி எனக்குத் துணைக்கு ஆள் வேண்டாமாம்."

அவள் சிரித்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் நினைத்தபடியே.

கல் லேசாக டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் நெற்றியைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். துண்டைப் பிழிந்து மடியில் போட்டாள். எழுந்து போகப்போகிறாள் என்று நினைத்தேன். மேலே ஏறி வந்து, என் பக்கத்தில், என் படியில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக.

"டாக்டரு உங்ககிட்டதானக்கா சொல்லியிருக்காவ" என்றாள். "என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மணல் இறங்கி முடிந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். கொஞ்ச நேரம் ரூலை மீறி அப்படியே உட்கார்ந்திருந்தோம். இதய நோயாளிகள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

வெளியே வந்து சர்பத் குடிக்கும்போது பர்வீன் துபாய் போன கதையை அவளே சொன்னாள். நான் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் அதே வீடு, அதே நாற்காலி, ஓடிக்கொண்டிருக்கிற ஃபேன். ஒன்றும் மாறிவிடவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு இன்னும் நீளமாகத்தான் இருக்கின்றன. இதை எழுதும்போதும் வீட்டில் என் சத்தம் மட்டும்தான்.

நாளை திங்கள்கிழமை.

என் இதயத்தைத் தேற்றியது சூடா, பக்கத்தில் உட்கார்ந்த ஆளா? இரண்டில் ஒன்றை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பரீட்சையை மட்டும் என் நெஞ்சு தாங்காது.